போரையும் அமைதியையும் திரையில் வடித்த போந்தார்ச்சுக்

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' என்னும் பெருநாவலை முற்றும் படித்து முடித்தவர் நம்முள் எத்தனை பேர் என்று கேட்டால், கை உயர்த்துவோர் சிலராகவே இருப்பர். டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் 'போரும் வாழ்வும்' என்னும் பெயரில் அதனைத் தமிழாக்கித் தந்தார்கள். அந்நூலை அலமாரியில் அழகுற அடுக்கி வைத்திருக்கும் இல்லங்கள் பல. அடுத்த விடுமுறையில் தொடங்கலாம் என்று ஆண்டுதோறும் தள்ளிப் போடுவோரும் பலர். நாமும் அக்கூட்டத்தில் நெடுநாள் இருந்தவர்களே. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஒருவருக்கே மூன்று நான்கு பெயர்கள். இடையிடையே வரலாற்றைப் பற்றிய நீண்ட ஆராய்ச்சிகள். படிப்பதற்கே மலைக்கும் இந்நூலை ஒருவர் ஏறத்தாழ ஏழு மணி நேரத் திரைப்படமாக ஆக்கினார். அதற்காகத் தம் வாழ்நாளில் ஆறு ஆண்டுகளைக் கொடுத்தார்; ஒரு கோடை நாளில் உயிரையே கொடுத்துவிட்டார் என்று மருத்துவர்கள் அஞ்சும் நிலைக்கும் சென்று மீண்டார். அவர் பெயர் செர்கெய் போந்தார்ச்சுக். அவருடைய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு இம்மலரில் சொல்ல விழைகின்றோம்.

போந்தார்ச்சுக் பிறந்தது உக்ரேன் நாட்டில், கேர்சன் நகருக்கு அண்மையிலுள்ள பெலசேர்க்கா என்னும் சிற்றூரில். ஆண்டு 1920, செப்டம்பர் 25. உள்நாட்டுப் போர் இன்னும் ஓயாத காலம் அது. அவர் பிள்ளைப் பருவம் தெற்கு ருஷ்யாவில், அசோவ் கடலோரத்து யேய்ஸ்க், தாகன்ரோக் ஆகிய ஊர்களில் கழிந்தது. தாகன்ரோக் செகாவ் பிறந்த ஊர் என்பதை அன்பர்கள் அறிவர். நாடகத்தில் நாட்டங் கொண்ட இளைஞர், 1938-இல் ராஸ்டவ் நகரத்து நாடகப் பள்ளியிற் சேர்ந்தார். படிப்பு முடியும் வேளையில் ஹிட்லரின் படைகள் ருஷ்யாவுக்குள் புகுந்தன. ஒப்பனை அறையிலிருந்த இளைஞரைப் போர் அழைத்துக் கொண்டது. 1946-இல்தான் அவர் படையுடையைக் களைந்தார். பின்னாளில் அவர் எடுத்த படங்களில் பீரங்கிப் புகையும் சேற்றில் விழும் குதிரையும் அத்துணை மெய்யாகத் தோன்றுவதற்கு, நூல்களிலிருந்து பெற்ற அறிவு மட்டும் காரணமன்று.

போர் முடிந்ததும் மாஸ்கோவிலுள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் செர்கெய் கெராசிமவ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் மாணாக்கரானார். அவ்வாசிரியர் எடுத்த 'இளங்காவலர்' என்னும் படத்தில் 1948-இல் முதன்முதல் திரையில் தோன்றினார். உடன் பயின்ற இன்னா மக்காரவாவை மணந்தார்; நடாலியா என்னும் மகள் பிறந்தாள். அம்மகளைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

1951-இல் உக்ரேனிய மொழியின் மாபெருங் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவின் வாழ்வைப் பற்றிய படம் வெளிவந்தது. கவிஞராக நடித்தவர் போந்தார்ச்சுக். பண்ணையடிமையாகப் பிறந்து, கவிதை எழுதிய குற்றத்துக்காகப் பாலைவனக் கோட்டைகளில் படைவீரனாகத் தண்டனை அனுபவித்த அக்கவிஞரை அவர் உயிரோடு எழுப்பித் தந்தார். அப்படம் ஸ்டாலினின் உள்ளத்தைக் கவர்ந்தது என்பர். அடுத்த ஆண்டே சோவியத் நாட்டின் மக்கள் கலைஞர் என்னும் மிக உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது. நரை கண்ட கலைஞர்கள் காத்துக் கிடந்த விருது, முப்பதைச் சற்றே கடந்த இளைஞருக்குக் கிட்டியது. அன்று எழுந்த பொறாமை அவர் காலமெல்லாம் பின்தொடர்ந்தது என்று கருத இடமுண்டு. அரசின் அன்பு ஒரு கலைஞனுக்கு வரமா, சுமையா என்னும் வினாவும் அன்றே தொடங்கிவிட்டது. இவ்வரலாறு நெடுகிலும் அவ்வினா நம்மை விடுவதில்லை.

பின்னர் 'ஒதெல்லோ' படத்தில் ஒதெல்லோவாக நடித்தார். டெஸ்டிமோனாவாக நடித்த இரீனா ஸ்கோப்த்சேவா பிற்பாடு அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

நடிகராகவே இருந்திருந்தாலும் போந்தார்ச்சுக்கின் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் 1959-இல் அவர் தாமே இயக்கிய முதற்படம் வெளிவந்தது. ஷோலகாவ் எழுதிய 'ஒரு மனிதனின் விதி' என்னும் சிறுகதையே அது. போரில் மனைவி மக்களை இழந்து, பகைவரின் சிறைமுகாம்களில் வாடி, உயிர் மட்டும் மிஞ்சித் திரும்பும் ஒரு லாரி ஓட்டி, தெருவில் கிடக்கும் அநாதைச் சிறுவன் ஒருவனிடம் நான்தான் உன் தந்தை என்று பொய் சொல்லி அவனைத் தன் பிள்ளையாக்கிக் கொள்கிறான். கதை இவ்வளவே. அந்த லாரி ஓட்டியாகவும் போந்தார்ச்சுக்கே நடித்தார். நகரத்து நடிகரால் உழைப்பாளியின் வாழ்வை நடித்துக் காட்ட இயலுமா என்று ஷோலகாவ் முதலில் ஐயுற்றார் என்பர். படம் அந்த ஐயத்தைப் போக்கியது. பகைவனிடம் சிறைப்பட்டு மீண்ட வீரனைத் துரோகியெனவே ஐயுற்ற நாட்டில், அத்தகைய ஒருவனைக் கதைத்தலைவனாக நிறுத்திய துணிவையும் நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு மாஸ்கோவில் நடந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் முதற்பரிசும், மறு ஆண்டில் லெனின் பரிசும் அதற்குக் கிடைத்தன.

அதே 1959-ஆம் ஆண்டில் வேறொரு படமும் மாஸ்கோவுக்கு வந்தது. அமெரிக்க இயக்குநர் கிங் விடார் 1956-இல் இத்தாலியில் எடுத்த 'போரும் அமைதியும்' அது. ஆட்ரி ஹெப்பர்ன் நடாஷாவாகவும் ஹென்றி ஃபோண்டா பியேராகவும் நடித்திருந்தனர். கோடிக்கணக்கான ருஷ்ய மக்கள் அதைக் கண்டு மகிழ்ந்தனர். மகிழ்ச்சியோடு ஒரு முள்ளும் உள்ளத்தில் தைத்தது. நம் வீட்டுத் திருமணத்தை அயலார் நடத்திக் காட்ட, நாம் விருந்தினராய் உட்கார்ந்து பார்ப்பது போன்ற நிலை அன்றோ? டால்ஸ்டாயின் நாட்டார் டால்ஸ்டாயைப் படமெடுத்தே ஆகவேண்டும் என்னும் குரல் எங்கும் எழுந்தது. நெப்போலியன் படையெடுப்பின் நூற்றைம்பதாம் ஆண்டு, 1962, நெருங்கிக் கொண்டிருந்தது. அமெரிக்காவுடன் ஏவுகணையிலும் விண்வெளியிலும் போட்டியிட்ட அரசு, படத்திலும் போட்டியிட முடிவு செய்தது. மூத்த இயக்குநர் பீரியெவ் போன்றோர் அப்பொறுப்பை விரும்பினர். ஒரே ஒரு படத்தை இயக்கிய அனுபவமுடைய போந்தார்ச்சுக்கிடம் 1961-இல் அது ஒப்படைக்கப்பட்டது.

வசீலி சலவியோவ் என்பாருடன் சேர்ந்து அவர் திரைக்கதை எழுதினார். நான்கு பாகங்கள் என்று வகுத்துக் கொண்டார். நாட்டிலுள்ள அரும்பொருட் காட்சியகங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை தம் மேசை நாற்காலிகளையும் ஓவியங்களையும் பீங்கான்களையும் படப்பிடிப்புக்குத் தந்துதவின. ஆயிரக்கணக்கான படையுடைகள் தைக்கப்பட்டன. குதிரைப்படை வழக்கொழிந்து போன அக்காலத்தில், இப்படத்துக்கெனவே ஒரு குதிரைப்படைப் பிரிவைப் படைத்துறை புதிதாக அமைத்துக் கொடுத்தது. பெருநிலக்கிழார் வீட்டுப் பொருள்களைப் புரட்சி அரசே பரிவோடு துடைத்து எடுத்துக் கொடுத்த விந்தையை எண்ணுங்கால் நமக்கு முறுவல் எழாமற் போவதில்லை.

நடிகர் தேர்வு ஒரு தனிக் கதை. இளவரசர் ஆந்திரேயாக நடிக்க ஸ்மக்துனோவ்ஸ்கியை அழைத்தார். அவரோ 'ஹாம்லெட்' படத்துக்குச் சென்றுவிட்டார். அடுத்து இசைந்தவரும் விலகினார். இறுதியில் பண்பாட்டு அமைச்சர் ஃபூர்த்சேவாவின் பரிந்துரையால் வந்தவர் தீஹனவ். நடாஷாவுக்கு வந்தவர் திரையுலகம் அறியாத ஓர் இளநடன மங்கை, லெனின்கிராடில் பாலே பயின்ற லுத்மீலா சவேல்யெவா. முதற்பார்வையில் அப்பெண் இயக்குநருக்கு நிறைவளிக்கவில்லை. ஒப்பனையும் உடையும் மாற்றி மீண்டும் பார்த்தபோதுதான் நடாஷா தெரிந்தாளாம். பருத்த உடலும் மூக்குக்கண்ணாடியும் கொண்ட பியேர் பாத்திரத்துக்கு முதலில் அவர் எண்ணியது பளுதூக்கும் ஒலிம்பிக் வீரர் யூரி விளாசவை. ஆனால் நடிப்பு தம்மால் இயலாதென்று அவ்வீரர் ஒதுங்கவே, போந்தார்ச்சுக் தாமே பியேரானார். கதையின் தொடக்கத்தில் பியேருக்கு வயது இருபது. நடிப்பவருக்கோ நாற்பதுக்கு மேல். இக்குறையைப் பலர் எடுத்துக் காட்டினர். நாமும் மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தில் ஒன்றும் புரியாமல், வெள்ளைத் தொப்பியுடன், யாருக்கும் பயனின்றி அலையும் அந்த நல்ல மனிதரின் கண்களைக் கண்டபின் வயதுக் கணக்கு நமக்கு மறந்து போகிறது.

1962, செப்டம்பர் 7. பரதினோ போர் நடந்து சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று படப்பிடிப்புத் தொடங்கிற்று. தொல்லைகளும் அன்றே தொடங்கின எனலாம். 70 மில்லிமீட்டர் அகலத் திரைக்கென உள்நாட்டில் செய்யப்பட்ட பிலிம் குறைபாடுடையதாக இருந்தது. இரவு பகலாய் உழைத்து எடுத்த காட்சி, கழுவிப் பார்த்தால் கறைபட்டிருக்கும். மீண்டும் எடுக்க வேண்டும். அனுபவம் வாய்ந்த ஒளிப்பதிவாளர் தம்பதியர் இயக்குநருடன் கருத்து வேறுபட்டு 1963-இல் விலகினர். அவர்களுக்கு உதவியாக இருந்த அனத்தோலி பெத்ரீத்ஸ்கி என்னும் இளைஞரிடம் அப்பெரும் பொறுப்பை இயக்குநர் நம்பி ஒப்படைத்தார். அவர் அஞ்சவில்லை. நடாஷாவின் முதல் நடன விருந்துக் காட்சியில், சக்கரக் காலணி அணிந்த ஒருவர் காமிராவைத் தாங்கிக்கொண்டு நடனமாடுவோரிடையே வழுக்கிச் செல்லுமாறு செய்தார். பார்ப்பவர் தாமும் அந்த வால்ட்ஸ் நடனத்தில் சுழல்வது போன்ற மயக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்று வியப்போர் இதனை அறிந்து கொள்க. இசையமைத்த அவ்சின்னிக்கவும் இளைஞரே. பெரியோரின் பெரும்படம் என்று கருதப்படும் இதில் இளைஞர் கை எத்துணை உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உண்மையான பரதினோ களம் நினைவுத்தூண்கள் நிறைந்த புனித இடம். ஆதலின் 1963-இல் ஸ்மலென்ஸ்க் வட்டாரத்தில் தரகபூஷ் என்னும் ஊருக்கருகே அதே போன்ற நிலத்தைத் தேர்ந்து, மண் அரண்கள் எழுப்பி, போரை எடுத்தனர். ஓரிலட்சத்து இருபதாயிரம் வீரர்கள் நடித்தனர் என்று உலகமெல்லாம் செய்தி பரவியது. பதிவு நூல்களிலும் ஏறிவிட்டது. போந்தார்ச்சுக்கே அதனை மறுத்தார். உண்மையில் பங்கு கொண்டோர் ஏறத்தாழ 13,000 காலாட்களும் 1,500 குதிரை வீரருமே. இவ்வளவு பேரையும் புகைக்கும் வெடிக்கும் நடுவே நடத்துவதென்றால் என்ன பொருள் என்று, நம் சங்க ஆண்டு விழாவில் முப்பது சிறுவர்களை மேடையேற்றி இறக்கிய அன்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். கம்பியில் தொங்கிச் செல்லும் காமிரா களத்தின் மேல் பறந்தது, ஹெலிகாப்டரும் பறந்தது. மேலிருந்து பார்க்கையில் படைகள் எறும்புச் சாரிகளாய்த் தெரிகின்றன. அடுத்த கணம் ஒரு தனி வீரனின் முகம் திரையை நிறைக்கிறது. வரலாற்றை நடத்துபவர் மன்னரோ தளபதியோ அல்லர், எண்ணற்ற சிறு மனிதரே என்பது டால்ஸ்டாயின் கொள்கை. அதை ஒரு சொல்லும் இன்றிக் கண்ணுக்குக் காட்டியது அந்த இறக்கமும் ஏற்றமும்தான். இது படையின் எண்ணிக்கையால் வந்த சிறப்பன்று.

இவ்வளவுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1964 ஜூலையில் போந்தார்ச்சுக்கின் இதயம் நின்றது. மருத்துவக் கணக்கில் சில நிமிடங்கள் அவர் உயிரற்றவர். மருத்துவர்கள் போராடி மீட்டனர். நினைவு திரும்பியதும், தாம் இறந்தால் தம் ஆசிரியர் கெராசிமவ் படத்தை முடிக்கட்டும் என்று சொன்னாராம். மனைவி மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில் படத்தைப் பற்றிச் சொல்லும் மனிதரைப் பாராட்டுவதா, அவர் இல்லத்தாருக்கு இரங்குவதா என்று நமக்குப் புலப்படவில்லை. உடல் தேறியும் தேறாமலும் மீண்டும் பணிக்கு வந்தார். 1965 மாஸ்கோ விழாவுக்குள் முதலிரு பாகங்களும் ஆயத்தமாக வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. ஆயத்தமாயின, ஹங்கேரி நாட்டுப் படம் ஒன்றுடன் முதற்பரிசையும் பகிர்ந்து கொண்டன.

எஞ்சியிருந்தது மாஸ்கோ எரிதல். மாஸ்கோவின் மேற்கே தெரியாயெவ எனும் சிற்றூரில், பழைய மடாலயத்தின் அருகே, மரத்தாலும் அட்டையாலும் ஒரு மாஸ்கோவைக் கட்டினார்கள். மாதக்கணக்கில் எழுப்பிய நகரம் 1966 அக்டோபரில் எரியூட்டப்பட்டது. இக்காட்சியை இரண்டாம் முறை எடுக்க இயலாது. எரியும் தெருக்களினூடே, பிரெஞ்சு வீரரின் கைதியாய், பியேர் உருவில் இயக்குநரே நடந்து செல்கின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயம் நின்ற மனிதர் அந்தப் புகையில் நின்றார் என்பதை நினைத்துக்கொண்டு அக்காட்சியைப் பார்த்தல் வேண்டும்.

முதலிரு பாகங்கள் 1966-லும் பின்னிரு பாகங்கள் 1967-லும் வெளிவந்தன. முதற்பாகத்துக்கு விற்ற நுழைவுச்சீட்டுகள் ஐந்து கோடி எண்பது இலட்சம். நான்காம் பாகத்துக்கோ இரண்டு கோடியை எட்டவில்லை. மக்கள் களைத்துப் போயினர் போலும். நாவலைப் பாதியில் மூடிவைக்கும் நம்மவர் வழக்கம் உலகப் பொதுவே. அரசுக் கணக்கின்படி செலவு எண்பது இலட்சம் ரூபிளுக்குச் சற்று மேல். அமெரிக்கர் பத்துக் கோடி டாலர் என்று எழுதினர். படைவீரர் உழைப்புக்கும் காட்சியகப் பொருள்களுக்கும் கூலி போட்டால் எவ்வளவாகும் என்று கணக்கிடுவது வீண்வேலை. 1969-இல் ஹாலிவுட்டில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசு இதற்குக் கிடைத்தது. சோவியத் கதைப்படம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. போட்டிக்கெனத் தொடங்கிய படம் போட்டியாளரின் மேடையிலேயே முடிசூட்டப்பட்டது. பரிசை வாங்கியவர் நடாஷாவாக நடித்த சவேல்யெவா.

இதன்பின் இத்தாலியத் தயாரிப்பாளர் தினோ டி லாரென்டிஸ் அழைக்க, 'வாட்டர்லூ' படத்தை எடுத்தார். 1970-இல் வெளிவந்த அப்படத்திலும் சோவியத் வீரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; பார்க்க வந்தோர்தாம் குறைவு. மீண்டும் ஷோலகாவிடம் சென்று 1975-இல் 'தாய்நாட்டுக்காகப் போரிட்டனர்' என்னும் படத்தைத் தந்தார். அப்படத்தின்போது எழுத்தாளரும் நடிகருமான வசீலி ஷுக்ஷின் மறைந்தது பெரும் இழப்பு. செகாவின் 'ஸ்டெப்பி', புஷ்கினின் 'போரிஸ் கதுனோவ்' ஆகியவற்றையும் படமாக்கினார். அவை பற்றி இங்கு விரிக்க இடமில்லை.

விரித்துச் சொல்ல வேண்டியது வேறொன்று. அரசுக்கு வேண்டியவர், சங்கப் பதவிகளில் இருந்தவர், கேட்டதெல்லாம் கிடைத்தவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 1983-இல் கான் விழாவில் அவர் நடுவர்களுள் ஒருவர். தாயகம் விட்டு வெளியேறியிருந்த தார்க்கோவ்ஸ்கியின் படத்துக்குத் தலையாய பரிசு கிடைக்காதபடி தடுத்தவர் போந்தார்ச்சுக்கே என்று தார்க்கோவ்ஸ்கி உறுதியாக நம்பினார். முன்னர்ச் சொன்ன மகள் நடாலியாதான், தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்தின் கதைத்தலைவி என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். விதி இத்தகைய முடிச்சுகளையும் போடுகிறது. பின்னர் கொர்பச்சேவ் காலம் வந்தது. 1986 மே மாதத்தில் கிரெம்ளினில் கூடிய திரைப்படக் கலைஞர் மாநாட்டுக்குப் போந்தார்ச்சுக் பிரதிநிதியாகக்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மேடையேறியோர் பழைய பெரியவர்களை வரிசையாகச் சாடினர். அவருக்காக எழுந்து பேசியவர் நிகீத்தா மிஹல்கோவ்; 'போரும் அமைதியும்' தந்தவரை இம்மாநாட்டுக்கு அழைக்காதது சிறுபிள்ளைத்தனம் என்னும் பொருள்பட அவர் பேசினார்; கூட்டத்தின் சினத்துக்கும் ஆளானார்.

நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். சலுகை பெற்றவரை வினவும் உரிமை சலுகை பெறாதவர்க்கு உண்டு. அக்கலைஞர்களின் குறை பொய்யன்று. பலருடைய படங்கள் அலமாரியில் பூட்டப்பட்டுக் கிடந்த நாட்டில் ஒருவருக்குக் குதிரைப்படையே கிடைத்தது. ஆயின் அதே குதிரைப்படையைப் பெற்றிருந்தால் வேறெவரும் அப்படத்தை எடுத்திருக்க முடியுமா? ஆஸ்டெர்லிட்ஸ் களத்தில் வீழ்ந்த ஆந்திரேய் காணும் வானத்தை எந்த அமைச்சரும் கட்டளையிட்டு வரவழைக்கவில்லை.

வாழ்நாளின் இறுதியில் அவர் உள்ளத்தில் இருந்தது ஒரே ஆசை. ஷோலகாவின் 'டான் நதி அமைதியாக ஓடுகிறது' நாவலைப் படமாக்குதல். சோவியத் நாடு மறைந்து விட்டது. படைகளைத் தர அரசு இல்லை. இத்தாலியத் தயாரிப்பாளர் ஒருவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அயல்நாட்டு நடிகரை முதன்மைப் பாத்திரங்களில் வைத்து, ஆங்கிலத்தில், 1992-93-இல் படப்பிடிப்பை முடித்தார். கசாக்கியர் டான் கரையில் ஆங்கிலம் பேசுவதை அவர் எவ்வாறு பொறுத்துக் கொண்டாரோ! தொகுப்பு வேலை முடியுமுன் தயாரிப்பாளர் நொடித்துப் போனார். பிலிம் சுருள்கள் இத்தாலியில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் முடங்கின. ஒருகாலத்தில் அரசே அள்ளிக் கொடுத்த மனிதர், தாம் எடுத்த படத்தைத் தாமே பார்க்க இயலாமல் 1994 அக்டோபர் 20 அன்று மாஸ்கோவில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நின்று மீண்ட இதயம் இம்முறை மீளவில்லை. நவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

'போரும் அமைதியும்' படத்தின் மூலச் சுருள்களும் காலத்தால் சிதைந்தன. மாஸ்பிலிம் நிறுவனத்தார் அண்மைக் காலத்தில் அதைச் சட்டம் சட்டமாகத் துடைத்துப் புதுப்பித்தனர். 2019 முதல் அயல்நாட்டு அரங்குகளிலும் அது மீண்டும் ஓடியது. டான் நதிப் படத்தின் சுருள்களும் பெட்டகத்திலிருந்து மீட்கப்பட்டன. இரீனாவுக்கும் அவருக்கும் பிறந்த மகன் பியோதர், தாமும் இயக்குநரானவர், தந்தையின் படத்தைத் தொகுத்து முடித்தார். 2006-இல் ருஷ்யத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாயிற்று. ஆங்கிலத்தில் பேசியோர் வாயில் ருஷ்ய மொழி பொருத்தப்பட்டிருந்தது.